செவலைக்குப் பின் பத்து நாட்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கெலவரப்பள்ளி அணைக்கு அந்தப் பக்கம், அறுப்புக்கு நின்ற ராகிக் கொல்லையில் ஒற்றைத் தந்த யானை ஒன்று செத்துக் கிடந்தது. ஏழெட்டு வருடங்களாக ஐப்பசியில் வந்து தை முடிவதற்குள் காட்டுக்குத் திரும்பிவிடுகிற யானை. எப்படிச் செத்தது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பார்த்தே ஆகவேண்டும் என்று என் மகள் அழுததால் அழைத்துப் போனேன். நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் பூசி, தும்பிக்கை மேல் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். இரவு ஷிப்டு முடிந்து கழுத்தில் அடையாள அட்டையோடு வந்த பையன்கள் அதன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நாங்கள் வீடு திரும்புவதற்குள் என் கைப்பேசியில் பதினோரு கண்ணீர் அஞ்சலிகள் வந்திருந்தன.

அன்று நாட்குறிப்பில் யானையைப் பற்றி நான்கு வரிகள் எழுதினேன். ஐந்தாவது வரி வேறொரு சாவைப் பற்றியதாக வந்து நின்றது. அதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. நடந்த வரிசையிலேயே எழுதிப் பார்க்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. மூக்கண்டப்பள்ளியில், தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். அத்தா, எங்கள் தகப்பனார், குதிரை வண்டி ஓட்டினார். பேருந்து நிலையத்திலிருந்து தொழிற்சாலை வாசல் வரை ஆட்களையும், சந்தை நாளில் மூட்டைகளையும் ஏற்றுவார். எங்கள் குதிரை சாம்பல் நிற நாட்டுக் குதிரை. அதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. பின்னால் வருகிற லாரிக்காரர்கள் மட்டும் ஹாரன் அடித்து விசாரிப்பார்கள்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஒரு பந்தயக் குதிரைப் பண்ணையில் குதிரை பார்க்கும் வேலையில் இருந்தார். எங்கள் தெருவிலிருந்து நடந்தால் முக்கால் மணி நேரம். அங்கேதான் செவலை இருந்தது. பத்திரிகையில் அதற்கு இரண்டு சொற்களில் ஓர் இங்கிலீஷ் பெயர் வரும். அது எங்கள் யார் வாயிலும் நுழையாததால் நிறத்தை வைத்துச் செவலை ஆக்கிவிட்டார்கள். பெங்களூர் பந்தயத்தில் அது ஓடிய காலத்தில் எங்கள் தெரு ஆண்கள் சனிக்கிழமை தோறும் அத்தை வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் போவதாகச் சொல்லிப் பேருந்து ஏறுவார்கள். அது ஜெயித்தால் தெருவுக்கே மிக்சர் வரும். தோற்றால் அது தோற்றதாக யாரும் சொல்லமாட்டார்கள். மேலே உட்கார்ந்திருந்தவனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்பார்கள். ஓட்டத்திலிருந்து நிறுத்திக் குட்டி போடுவதற்காக அதைப் பண்ணைக்குக் கொண்டுவந்தபோது, மாப்பிள்ளை வீட்டிலிருந்து முதல் பிரசவத்துக்கு வந்த பெண்ணைப் பார்ப்பதுபோல வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தார்கள்.

செவலை ஒரு வியாழக்கிழமை விடியற்காலை குட்டி போட்டது. ரத்தம் நிற்காமல், ஏழு மணிக்குள் செத்துப்போனது.

அதற்கு ஒன்பது நாள் முன்னால் எங்கள் குதிரையும் குட்டி போட்டிருந்தது. கறுப்புக் குட்டி. வலது தொடையின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை. அதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. நாற்பது நாள் தாண்டட்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

வியாழன் பதினோரு மணிக்கு மாமா சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தார். எனக்கு அன்று காய்ச்சல். பாயில் படுத்திருந்ததால் எல்லாவற்றையும் கேட்டேன்.

"மச்சான், செவலை போயிடுச்சி."

அத்தா கையிலிருந்த டீ கிளாசைக் கீழே வைத்தார். "எப்போடா?"

"விடிய. குட்டி உசிரோட இருக்குது. பால் இல்ல. புட்டில குடுத்தா கழியுது. தாய்ப்பால் இருந்தாத்தான் நிக்கும்ன்றாரு டாக்டரு." மாமா எங்கள் கொட்டகைப் பக்கம் பார்த்தார். "நம்ம குதிரைய அனுப்புங்க மச்சான்."

"அதுக்கும் குட்டி இருக்குதே மாப்ள."

"குட்டியோடதான். காம்பு ரெண்டு இருக்குது இல்ல? ஆளுக்கொண்ணு."

அத்தா சிரித்துவிட்டார். அந்தக் கணக்கு அவருக்குச் சரியாகப் பட்டது. குதிரையோடு இருபது வருடம் வாழ்ந்த மனிதர். வண்டிக் குதிரை ஒரு குட்டிக்கு மேல் வளர்ப்பதை அவர் பார்த்ததில்லை, அதனால் முடியாது என்று சொல்லவும் அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் வாசலில் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். எதிர் வீட்டு வெல்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பாயி, அது நம்ம செவலையோட ரத்தம் பாயி. நீ மாட்டேன்னு சொல்லுவியா?" என்றார். அவர் மனைவி தெலுங்கில் ஏதோ சொல்லி அழுதாள். அவளுடைய வளையல்கள் போன வருடம் செவலை மேல் பந்தயம் கட்டித்தான் போயிருந்தன. ஆனாலும் உண்மையாகவே அழுதாள்.

பண்ணை மேனேஜர் ஏதாவது தருவார் என்று மாமா தொடங்கியபோது அத்தா கையை உயர்த்தி நிறுத்தினார். "பாலுக்கு எதுக்குடா காசு? குழந்தைக்குக் குடுக்கறதுதானே."

அன்று சாயங்காலம் எங்கள் குதிரையும் குட்டியும் ஒன்றாகப் போயின. குட்டி தாயின் பின்னால் துள்ளிக்கொண்டே தெருமுனை வரை ஓடியதைப் பார்த்தேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஒரு டெம்போவில் குட்டி மட்டும் திரும்பி வந்தது. கால்கள் கோணியில் கட்டப்பட்டிருந்தன. பண்ணையில் அதை உள்ளேயே விடவில்லையாம். வண்டிக் குதிரைக் குட்டியிடமிருந்து நோய் வந்துவிடும். அதைவிட, இருக்கிற பால் அத்தனையும் செவலையின் குட்டிக்கு வேண்டும். இதை டெம்போவில் கூட வந்த மாமா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அத்தா, குதிரையைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறேன் என்று சட்டையை மாட்டினார்.

தெருமுனை வரைதான் போனார். பேருந்து நிறுத்தச் சுவரில் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் கட்டம், இரண்டு பக்கமும் விளக்கு, நடுவில் செவலையின் படம். 'எங்களை விட்டுப் பிரிந்தாயே தங்கமே.' கீழே எங்கள் தெரு ஆண்கள் பதினேழு பேரின் பெயர்கள், அவரவர் வேலை பார்க்கும் பிரிவோடு. பதினெட்டாவதாக அத்தாவின் பெயர். பெயருக்கு அடியில், 'தாயில்லாப் பிள்ளைக்குப் பால் தந்த வள்ளல்.' பசை வாளியோடு நின்ற பையன் அத்தாவைப் பார்த்துக் கும்பிட்டான். அத்தா கொஞ்ச நேரம் சுவர் முன்னால் நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அன்று மத்தியானம் செவலையை அடக்கம் செய்தார்கள். எனக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, ஆனால் நான் போகவில்லை. போனவர்கள் வந்து சொன்னார்கள். பெங்களூரிலிருந்து முதலாளி வந்தாராம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதாராம். எட்டடிக் குழி, உப்பு மூட்டைகள், வெள்ளைத் துணி. ஒரு கம்பெனிப் பேருந்து வழியில் நின்று, உள்ளே இருந்தவர்கள் இறங்கி மண் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்களாம்.

எங்கள் வீட்டில் குட்டி ஒன்று பசியோடு இருந்தது. அதை யாரும் விசாரிக்கவில்லை.

பசும்பாலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், ஒரு ஸ்பூன் சர்க்கரை. கழுவிய சாராயப் பாட்டிலில் ரப்பர் காம்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அத்தா ஒரே ஒரு தடவை காட்டினார். அதற்குப் பிறகு கொட்டகைப் பக்கம் வரவில்லை. கொடுத்தது நான்தான். பள்ளிக்கூட நேரத்தில் அம்மா. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு நேரம், அளவு, சாணி எப்படி என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் நாள்தோறும் எழுதத் தொடங்கியது அந்தப் பக்கத்தில்தான். வெள்ளிக்கிழமை முதல் இரண்டு வேளை துப்பிவிட்டது. மூன்றாவது வேளை பாதி பாட்டில். சனிக்கிழமை பதினோரு தடவை. ஞாயிறு காலை என் பாவாடையைக் கவ்வி இழுத்தது. திங்கட்கிழமை பள்ளியிலிருந்து நான் வருகிற சத்தம் கேட்டுக் கனைத்தது. பூனை தும்முகிற அளவுக்கு ஒரு கனைப்பு.

"பொழச்சிக்கும்மா," என்றேன்.

"கண்ணு போடாத. சொல்லாத," என்றாள் அம்மா. ஆனால் அவளும் முந்தின நாள் மத்தியானம் தனக்குள் பேசிக்கொண்டே அதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

பண்ணையில் நிலைமை வேறு. எங்கள் குதிரை செவலையின் குட்டியை அண்டவிடவில்லை. முகர்ந்து பார்க்கும், உடனே காதைப் பின்னால் மடித்துக்கொண்டு உதைக்கும். மூக்கில் கயிறு முறுக்கி, முன்னங்காலைத் தூக்கிக் கட்டி, நான்கு பேர் பிடித்துக்கொண்டு நாளைக்கு ஐந்தாறு தடவை பால் குடிக்க வைத்தார்களாம். குட்டி மெலிந்துகொண்டே போனது. தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். தண்ணீர்க் குழாயில் அம்மாவை நிறுத்தி, "என்னக்கா உங்க குதிர, அவ்ளோ கல்நெஞ்சு?" என்று கேட்டார்கள்.

"அதுக்குக் குட்டி இருக்குதுடி. எங்க கொட்டாயில."

"அது வண்டிக்குட்டி தானேக்கா."

அம்மா பாதிக் குடத்தோடு வந்துவிட்டாள்.

திங்கள் சாயங்காலம் மாமா வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் அத்தாவை வெளியே கூப்பிட்டார். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாத விஷயம் என்றால் கன்னடத்துக்கு மாறுவார்கள். அன்று கன்னடத்தில் பேசினார்கள். மாமா நிறையப் பேசினார். அத்தா பேசவேயில்லை. அம்மா வாசலுக்குப் போய் நின்றாள். அவளுக்குக் கன்னடம் தெரியும். திடீரென்று தமிழில், "டேய், நீ என் கூடப் பொறந்தவன்தானாடா?" என்றாள். மாமா அழ ஆரம்பித்தார். "குட்டி எப்பிடின்னு என்னியத்தான்க்கா கேக்கறாங்க. ஒரு நாளைக்கி அம்பது பேரு கேட்டுக்கிட்டு வந்து நிக்கறான்க்கா," என்றார்.

தெருவில் போய்க்கொண்டிருந்த வெல்டர், "என்னா பாயி, குட்டி எப்பிடி?" என்றார். எந்தக் குட்டி என்று சொல்ல அவசியமே இருக்கவில்லை. அத்தா, "பொழச்சிக்கும்," என்றார்.

செவ்வாய் காலை எழுந்தபோது அதே டெம்போ வாசலில் நின்றது.

"குட்டிய எங்க கொண்டுபோறீங்க?"

அத்தா என் முகத்தைப் பார்க்காமல் கொட்டகைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "தாய்கிட்ட."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லவேண்டும். இதையும் சரியாக எழுதிவிடுவதுதான் முறை. ஓடிப்போய் ஈரத்துணியால் அதன் கண் பீளையைத் துடைத்தேன். வால் மயிரைச் சீவினேன். அதைத் தூக்கி டெம்போவில் ஏற்றும்போது பின்னங்கால்களை நான் பிடித்துக்கொண்டேன். அது உதைக்கவில்லை, என் கைகள் அதற்குப் பழக்கம். கணக்கு நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து மாமாவிடம் கொடுத்தேன்.

"இதுல டைம் எல்லாம் எழுதியிருக்குது மாமா. ஒருவேள அதோட அம்மாகிட்ட பால் பத்தலன்னா இப்பிடிக் குடுக்கச் சொல்லுங்க. சக்கர ஒரு ஸ்பூன்தான்."

மாமா அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இரண்டு தடவை பொத்தானைப் போடப் பார்த்தார். பிறகு அப்படியே விட்டுவிட்டு டெம்போவில் ஏறினார்.

புதன்கிழமை பள்ளி விட்டதும் தெருப் பிள்ளைகளோடு செவலையின் சமாதியைப் பார்க்கப் போனேன். பூக்கள் வாடிக் கிடந்தன. பிள்ளைகள் அங்கேயே நின்றுவிட்டார்கள். நான் வேலியோரமாகவே நடந்து லாயத்தின் பின்பக்கம் போனேன். அங்கே மரத் தடுப்புக்குள் எங்கள் குதிரை நின்றது. கட்டியிருக்கவில்லை. அதன் வயிற்றுக்கு அடியில் தலையை நுழைத்து ஒரு குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. கறுப்பு முதுகு. வலது தொடையில் வெள்ளை. எங்கள் குதிரை கழுத்தை வளைத்து அந்த வெள்ளையை நக்கிக்கொண்டிருந்தது.

கால்கள் மட்டும் சிவப்பாக இருந்தன. எங்கள் பக்கத்து மண் சிவப்பு, அதனால் அது எனக்குத் தவறாகப் படவில்லை. வயிற்றின் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. குளிருக்கு ஏதோ போர்த்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பணக்காரப் பண்ணை, எங்கள் குட்டிக்குக்கூடப் போர்வை தருகிறார்கள். அது வாயை எடுக்கும் வரை எண்ணினேன். இருநூற்றுப் பத்து.

ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னேன். "நம்ம குட்டியப் பாத்தேன். நம்ம குதிரகிட்ட குடிச்சிக்கிட்டே இருக்குது. நக்கிவிடுது."

அம்மா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். அத்தா சோற்றில் கையை வைத்தபடியே கேட்டார்: "நக்குச்சா?"

"ஆமா. முதுகு பூரா."

"உதைக்கலியே?"

"அதோட குட்டிய அது ஏன் உதைக்கும்?"



நான் பார்த்தது என்ன என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம் மாமா சொன்னார். அப்போது அவர் பண்ணை வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. தாய்க் குதிரை பிள்ளையை வாசனையால்தான் அறியும். இறந்த குட்டியின் தோலை உரித்து, அனாதைக் குட்டிக்குச் சட்டை போலக் கட்டிவிட்டால் ஏற்றுக்கொள்ளும். பெரிய பண்ணைகளில் தெரிந்த வழிதான். ஆனால் அதற்கு இறந்த குட்டி வேண்டும். எங்கள் குட்டிதான் பிழைத்துக்கொண்டதே. "ஊசிதான் பாப்பா போட்டாங்க. நான்தான் தலயப் புடிச்சிக்கிட்டேன். என்னப் பாத்துக்கிட்டேதான் போச்சி," என்றார் மாமா. ஏன் அத்தா சம்மதித்தார் என்று கேட்டேன். "ஊரே எழவு வூட்டுல இருந்துச்சி. அதுல ஒருத்தன் மட்டும் வாண்டாம்னு எப்பிடிச் சொல்லுவான்?" என்றார்.

செவலையின் குட்டி மூன்று நாள் நன்றாகக் குடித்தது. ஆனால் முதல் நான்கு நாள் போனது போனதுதான். வெள்ளிக்கிழமை இரவு கழிச்சல் கண்டு, சனி விடிவதற்குள் செத்துவிட்டது. மறுபடி சுவரொட்டி, அதே விளக்குகள். 'தாயைத் தேடிச் சென்ற தளிரே.' இந்த முறை பெயர்கள் இருபத்தாறு.

அத்தா என்னை அழைத்துக்கொண்டு போனார். குதிரையைத் திருப்பிக் கொண்டுவரவும் வேண்டியிருந்தது. செவலையின் சமாதிக்குப் பக்கத்தில் சின்னக் குழி. குட்டியை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். கட்டியிருந்த தோலை அவிழ்க்க நேரமில்லை, அதோடுதான் சுற்றியிருந்தார்கள். இதுவும் பிற்பாடு மாமா சொன்னதுதான். துணியைக் குழிக்குள் இறக்கியபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தா முன்னால் போனார். குழியின் ஓரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையாலும் மண்ணை அள்ளினார், போடவில்லை. அப்படியே மண்ணோடு கைகளை முகத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அவருடைய தகப்பனார் இறந்த அன்றுகூட அவர் சத்தமாக அழுததில்லை என்பார்கள். பெங்களூர் முதலாளி வந்து அவர் தோளைத் தொட்டார். வெல்டர் பக்கத்தில் இருந்தவரிடம், "பாத்தியா, யாரோட குட்டிக்கோ எப்பிடி அழுவுறாரு. இந்த மாதிரி மனுசன் கெடையாது," என்றார்.

எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது. அத்தா எதையோ தவறாகப் புரிந்துகொண்டு இப்படி அழுகிறார் என்று தோன்றியது. பக்கத்தில் போய் அவர் சட்டையை இழுத்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி, தெளிவாக, தேற்றுகிற குரலில் சொன்னேன்.

"அழாதீங்க அத்தா. செத்தது நம்ம குட்டி இல்ல. நம்முது உள்ள நல்லா இருக்குது. நான் பாத்தேன்."